அறுபத்து நான்கு பாட்டில்களும் ஒரே கையெழுத்தும்

1

இந்தக் கதை ஒரு வண்டிலிருந்து தொடங்கியது. மறைக்க ஒன்றுமில்லை. போன வாரம் வேறொரு கதை எழுத உட்கார்ந்திருந்தேன். மலை, மழை, பிரிவு என்று பெரிய சமாச்சாரங்கள் உள்ள கதை. தாளின்மேல் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. முற்றுப்புள்ளிதான் நகர்கிறதோ என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், வண்டு. அது வந்த வழியைத் தேடிக்கொண்டு போனேன். சமையலறையின் மேல்தட்டில், அவசரத்துக்கு என்று நானே வாங்கிவைத்து மறந்துபோன பயறு பாட்டில் இருந்தது. உள்ளே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது.

மலையும் பிரிவும் அன்றோடு போயின. அவசரத்துக்கு என்று வைத்ததை அவசரம் வரும்வரை தொடாமலே இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஓர் ஆள் வேண்டும், ஓர் அலமாரி வேண்டும். இரண்டையும் கற்பனை செய்துகொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "பாலம் விரிசல் விட்ட பதினோராம் நாள், நகரத்தின் கடைகள் அனைத்தும்..."

(நிறுத்திவிட்டேன். செய்தித்தாள் வாடை அடிக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "மனைவியைவிட அந்த அலமாரியைத்தான் அவர் அதிகம்..."

(பொய். இரண்டு பேரையும் அவருக்குப் பிடிக்கும். அலமாரியைக்கூட 'பேர்' கணக்கில் சேர்த்துவிட்டேன், பாருங்கள்.)

மூன்றாம் முறை சும்மா ஆளை அறிமுகப்படுத்தினேன். அது நின்றது.

அவர் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். காலாவதி தேதி ஒரு நாள் தாண்டியிருந்தாலும் அந்தப் பெட்டி குப்பைக்குத்தான். பெரிய டாக்டரே வந்து நின்றாலும் மசிய மாட்டார். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும் என்று கிடங்குச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'தேதி சார்'. அவருக்கும் அது தெரியும். உள்ளூர அதில் பெருமைதான்.

அவர் மனைவிக்குப் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை. பழைய அட்டையில் ஒட்டிய சீட்டை ஆவி காட்டி, ஓரம்கூடக் கிழியாமல் உரித்து, புது அட்டையில் ஒட்டித் தருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல எழுத்தாளர்கள் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

3

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி வேலைநிறுத்தம். மூன்று வாரம் இழுத்தது. கடைசி நான்கு நாள் அந்த வீட்டில் பிஸ்கட்டும் பால் இல்லாத டீயும்தான். பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் இருந்த மகள், "எனக்குப் பசிக்கலப்பா, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். லாரிகள் ஓட ஆரம்பித்த பிறகும் அந்தப் பொய் அவரைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மாதமே அலமாரி வந்தது. அரிசி, பருப்பு, பயறு, ஓட்ஸ், பால்பவுடர், உப்பு, சர்க்கரை, தேன், உலர்ந்த தக்காளி. எல்லாம் கண்ணாடி பாட்டிலில், இறுக்கிய மூடியோடு, மொத்தம் அறுபத்து நான்கு. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: பொருளின் பெயர், நிரப்பிய தேதி, அதன் கீழே 'கெட்ட நாளுக்கு மட்டும்'. மாதத்தின் முதல் ஞாயிறு தூசி தட்டி எண்ணுவார். அறுபத்து நான்கும் இருக்கும். அதன் பிறகு சாய்வு நாற்காலியில் விழுந்தால் குறட்டை தெருவுக்குக் கேட்கும்.

[அடிக்குறிப்பு போட இடமில்லாததால் இங்கேயே: எனக்கே இவர்மேல் சந்தேகம் வந்தது. மருந்தில் ஒரு நாளைக்குக்கூட மன்னிப்புத் தராதவர், வீட்டில் பயறை ஒன்பது வருஷம் எப்படி விட்டுவைப்பார்? தேதியைப் பார்க்காமலா எண்ணுவார்? இரண்டு நாள் கதை இதிலேயே படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள், எங்கள் கட்டடத்துப் பல் டாக்டர் மாடிப்படியில் உட்கார்ந்து மிட்டாயைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மேலே எழுத ஆரம்பித்துவிட்டேன்.]

4

இனி அவர் அறியாதது.

அலமாரி வந்த இரண்டாம் வருஷம், பயறு பாட்டிலில் வண்டு ஓடுவதை அவள் பார்த்துவிட்டாள். (என் வீட்டு வண்டுதான். வேறு யாரிடம் போய்க் கடன் வாங்குவது?) சொல்லலாம் என்று பாட்டிலோடு கூடத்துக்கு வந்தாள். ஞாயிறு மதியம். அவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அலமாரி வரும்வரை தூக்கம் இல்லாமல் உலாத்திய மனுஷன். அவளுக்கு மனசு வரவில்லை. வந்த காலோடு திரும்பிவிட்டாள்.

பயறைக் கொட்டினாள். பாட்டிலை வெந்நீரில் கொதிக்கவைக்க வேண்டும். சீட்டு நனைந்தால் மை கரைந்துவிடும். கெட்டிலின் ஆவியில் காட்டி உரித்தாள். கழுவி, காயவைத்து, புதுப் பயறு நிரப்பி, அதே சீட்டை அதே இடத்தில் ஒட்டினாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கெடுவதற்கு முன்பே பழையதை எடுத்துச் சமைப்பாள், புதுசை நிரப்புவாள், பின்வரிசையில் வைப்பாள். அவர் கிடங்குச் சுவரில் எழுதிவைத்ததை அவள் ஏழு வருஷமாக வீட்டில் நடத்திக்கொண்டிருந்தாள். சாப்பிட்டது மூன்று பேர், அதில் அவர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியாது என்று எழுதியிருந்தேன். மகளுக்கும் தெரியாது என்று திருத்திவிட்டேன். பெண்கள் இருவர் சேர்ந்து ஓர் ஆணை ஏமாற்றுவது வேறு கதை.

(முதல் வரைவில் டின்களும் இருந்தன. டின்னில் கம்பெனிக்காரன் தேதி அடித்திருப்பான். அதைக் காட்டினால் ஒரே நொடியில் எல்லாம் தீர்ந்துவிடும். அதனால் டின்களைக் கதையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டேன். இந்த அளவுக்காவது எனக்கு உரிமை இல்லையா?)

5

பாலம் விரிசல் விட்ட பதினோராம் நாள். (அதே வரிதான். வேறு வழி தெரியவில்லை.) லாரிகள் அக்கரையில் நிற்கின்றன. கடைகளில் ஷட்டர் இறங்கிவிட்டது. மகள் ஏழு மாத வயிற்றோடு பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். சமையலறையில் பிடி அரிசி இல்லை.

"என்னங்க, அலமாரியத் திறந்துடலாம்" என்றாள் மனைவி.

அவர் முகத்தில் ஒரு களை வந்தது. ஒன்பது வருஷமாகக் காத்திருந்த நாள் அல்லவா? சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். முதல் பாட்டிலைக் கையில் எடுத்து, மகளுக்குக் காட்டுவதற்காக, சீட்டை உரக்கப் படித்தார். பொருளின் பெயரைப் படித்தார். தேதியைப் படித்தார். பாதியில் குரல் நின்றுவிட்டது.

அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார்.

"எல்லாம் போச்சு" என்றார்.

"என்னப்பா போச்சு? பாக்க நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மகள்.

"பாக்க நல்லாத்தாம்மா இருக்கும். ஒம்பது வருஷம்! கிடங்குல எவனாவது இப்படி வச்சிருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பேன். இத்தனை நாளா எங்க இருந்துச்சு என் புத்தி?" கோணிப்பையை விரித்துக் கொட்டத் தொடங்கினார். "வயித்துல புள்ளையோட இருக்கிறவளுக்கு இதையா குடுப்பேன்?"

முதல் பாட்டில் காலி. அடுத்ததன் மூடியைத் திருகினார்.

அவள் பேசாமல் இருந்தால் சோறு போய்விடும். பேசினால், அவர் நிம்மதியாகத் தூங்கிய ஏழு வருஷமும் தான் ஒட்டிய காகிதம் என்று சொல்ல வேண்டும்.

6

என்னிடம் இருந்த முடிவுகள்:

அ. "எனக்கு முன்னாடியே தெரியும்டி" என்று அவர் சிரிக்கிறார். எழுதி முடித்து, நானே கண் கலங்கி, காலையில் கிழித்துப்போட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டினால் அவள் பட்ட பாட்டுக்கு அர்த்தம் இல்லை.

ஆ. ஹாரன் சத்தம். பாலம் திறந்துவிட்டது. லாரி வருகிறது. (வரவில்லை. நான்தான் மறித்தேன்.)

இ. அவர் கொட்டட்டும் என்று விட்டுவிட்டு, நாலு பாட்டிலை மட்டும் அவள் முந்தானையில் மறைத்து...

இந்த மூன்றாவதைத்தான் வைத்துக்கொள்வதாக இருந்தேன். அவள் உடன்படவில்லை. பேனாவை எப்படித் திருப்பினாலும் பாட்டிலை மறைக்க அவள் கை நீளவில்லை. மறைத்தது போதும் என்று நினைத்தாளோ என்னவோ. நேராகப் போய்க் கோணிப்பையின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.

7

"அது புதுசுங்க. போன மாசம் நான்தான் நிரப்பினேன்."

"தேதி என் கையெழுத்தும்மா."

"சீட்டு உங்களோடது. சரக்கு என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். வண்டிலிருந்து ஆரம்பித்து, கெட்டில், ஆவி, பசை என்று ஒன்று விடாமல். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு வருஷமா?"

"ஏழு வருஷமாத்தான்."

"அப்ப கெட்ட நாளுக்குன்னு நான் வச்சது?"

"அதத்தாங்க சாப்பிட்டோம். உங்களுக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு வாரம் கெடந்தீங்களே, அப்பக் குடிச்ச கஞ்சி இதுலேர்ந்துதான். எனக்குக் கை ஒடிஞ்சப்ப நீங்க சமைக்கிறேன்னு கருக்கினது இதுல இருந்த பருப்பு. இவ கல்யாணம் முடிஞ்சு போன மறுநாள், வீடு வெறிச்சுன்னு இருக்குன்னு சாப்பிடவே மாட்டேன்னீங்க. இந்தத் தக்காளியப் போட்டுத்தான் சூப்பு வச்சேன். ரெண்டு கிண்ணம் குடிச்சீங்க. கெட்ட நாளெல்லாம் வந்துச்சுங்க. உங்களுக்குத் தெரியாம தாண்டிட்டோம்."

மகள் அழுதாள்; சிரிக்கவும் செய்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை.

"என்னை ஏமாத்திட்டியே" என்றார், மெதுவாக.

"ஆமாங்க" என்றாள் அவள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கிறது.

அடுப்பு மூட்டினாள். பருப்பு வெந்தது, அரிசி வெந்தது. கூடத்தில் மூன்று தட்டு. முதல் கவளத்தை அவளே எடுத்து அவர் முன்னால் மென்று விழுங்கிக் காட்டினாள். பிறகு ஒரு கரண்டி அள்ளி அவர் தட்டில் வைத்தாள்.

இந்த இடத்தில்தான் நான் மூன்று நாளாக நிற்கிறேன். இத்தனை காலமும் எழுதியதை மட்டுமே நம்பிய மனுஷனிடம், எழுத்தை விட்டுவிட்டு என் வாய்ச்சொல்லை நம்பு என்கிறாள், அதுவும் ஏமாற்றினேன் என்று ஒப்புக்கொண்ட அதே வாயால். நம்பலாம் என்று நான் எழுதிவிட்டால், அதுவும் இன்னொரு சீட்டு. நீங்கள் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கும் ஒருவர் சமைத்துப் போட்டிருப்பார், தேதி கேட்காமல் சாப்பிட்டிருப்பீர்கள்.

சோறு ஆறவில்லை. அவர் பிசைந்துவிட்டார், அதுவரை நான் பார்த்தேன். கவளத்தை உருட்டி, அவளை நிமிர்ந்து பார்க்கிறார். வாயைத் திறக்கிறார். சாப்பிடுவதற்கா, ஏதாவது சொல்வதற்கா என்று தெரியவில்லை.