ஹால்வார் எழுதாத வரி

நேரலை தொடங்க இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மேடையருகே வந்து நின்றார்.

"மலை மேல ஈரப்பனி விழுதாம். நாளைக்குச் சறுக்கப் போறவங்களுக்குக் கஷ்டம்," என்றார்.

"ஆமாங்க," என்றாள் எங்கள் பாடகி ரூனா.

அவர் போகவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் எங்கள் நார்வே ஜனங்கள் வானிலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் வீடு தீப்பிடித்திருக்க வேண்டும். அவர் அங்கேயே நின்றதைப் பார்த்து நான் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தேன்.

"அந்த விறகுப் பாட்டு," என்றார். "அது நான் எழுதினது."

கிதார் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த ரூனாவின் கை நின்றது. நான்தான் முந்திக்கொண்டு வாயை விட்டேன். "ஊருக்கு ஒருத்தர் வந்து இதையேதான் சொல்றாங்க, போங்க." சுத்தப் பொய். அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்வார்ட்டே ஏரிக் குடில். பச்சை அட்டை போட்ட புத்தகம். மூணு வருசம் முன்னாடி, ஈஸ்டருக்கு முந்தின வாரம். பேர் எழுதுற இடத்துல 'ஹா'ன்னு மட்டும் போட்டிருப்பேன். என் பேர் ஹால்வார்."

ரூனாவின் முகம் வெளுத்துவிட்டது. இதை மறைத்துப் பயனில்லை, அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

அந்த ஈஸ்டருக்கு ரூனாவும் நானும் பெர்கனிலிருந்து கிளம்பி மலையேறினோம். மூன்று நாள் புயல், குடிலை விட்டு நகர முடியவில்லை. அங்கே காவலுக்கு ஆள் கிடையாது. வருகிறவர்கள் அடுப்பு மூட்டிக் குளிர்காய்ந்து, போகும்போது அடுத்து வருகிறவருக்கு விறகு பிளந்து வைத்துவிட்டு, புத்தகத்தில் பெயரும் எங்கிருந்து எங்கே என்பதும் எழுதிவிட்டுப் போவார்கள். பொழுது போகாமல் அந்தப் புத்தகத்தை உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். 'நல்ல வெயில், ஆரஞ்சு தின்றோம்' என்று பக்கம் பக்கமாக ஒரே பல்லவி. நடுவில் ஒரு பக்கத்தில் இது இருந்தது:

'விறகு பிளந்து அடுக்கியிருக்கிறேன். வாளியில் தண்ணீர் இருக்கிறது. அடுப்பில் சுள்ளி வைத்தாயிற்று, நீ தீக்குச்சி கிழித்தால் போதும். மேல்கட்டில் போர்வை இரண்டும் உனக்குத்தான். பனி உருகினதும் மறுபடி வருவேன்.'

எங்கே போகிறாய் என்ற கட்டத்தில் 'கீழே' என்று மட்டும் இருந்தது.

எங்கள் ஊர் ஆம்பளைக்குக் காதலைச் சொல்லச் சொன்னால் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்பான். விறகு பிளக்கச் சொன்னால் பிளந்து தள்ளுவான். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை. எவனோ ஒருத்தன் பிரிந்துபோன காதலிக்கு எழுதியது என்று முடிவு கட்டினோம். மறுநாள் காலைக்குள் ரூனா அதற்கு மெட்டுப் போட்டுவிட்டாள்.

கடைசி வரி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. "நாய்க்குட்டி மாதிரி சுத்திச் சுத்தி வர்றவனை யாருக்குடி பிடிக்கும்? பாட்டுக்கு ஒரு முடிவு வேணும்," என்றேன். 'இனி உனக்காகக் காத்திருக்க மாட்டேன்' என்று நான்தான் மாற்றினேன்.

அந்த வரிதான் பாட்டைத் தூக்கி நிறுத்தியது. நாலு வருடம் மீன்கடையில் நின்று மீன் வெட்டி, சனிக்கிழமை மதுக்கடையில் பன்னிரண்டு பேருக்குப் பாடிக்கொண்டிருந்த ரூனாவின் குரல் ஒரே குளிர்காலத்தில் நாட்டின் எல்லா ரேடியோவிலும் கேட்டது. விவாகரத்து ஆனவர்கள் அந்த வரியைக் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். ஆனால் பாட்டின் கீழே 'சொற்கள்: ரூனா' என்றுதான் போட்டார்கள். பாஸ் கிதார் வாசிக்கிற, வண்டி ஓட்டுகிற, பெட்டி தூக்குகிற சின்ட்ரேயாகிய நான் உப்புக்குச் சப்பாணி. என் வரிக்கு என் பெயர் இல்லை என்று ஒரு வருடமாக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"உங்க காதலிக்கு எழுதினதாங்க?" என்று ரூனா மெல்லக் கேட்டாள்.

"காதலியெல்லாம் இல்ல. பையன். அக்செல்." பெரியவர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஆறு வருசமாச்சு. ஆட்டுப் பண்ணையை எடுத்து நடத்த மாட்டேன்னான். அப்ப இந்த வாசப்படிய மிதிக்காதேன்னுட்டேன். பனிச்சறுக்குக் கட்டையை எடுத்துக்கிட்டு மலை மேல போனான். அந்தக் குடில் புத்தகத்துல பேர் எழுதியிருக்கான். எங்கே போறேன்னு எழுதல. அவ்வளவுதான்."

"தேடலையா?"

"நாய், ஹெலிகாப்டர், எல்லாந்தான். ஒரு கையுறைகூடக் கிடைக்கல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பாஸ்போர்ட்டும் வீட்ல இல்ல," என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் ஆறு வருட நம்பிக்கை இருந்தது.

"இன்னைக்கு அந்தப் பாட்டை விட்டுடறேன். இனிமே பாடவே மாட்டேன்," என்றாள் ரூனா.

"எதுக்கு? பாடு. நான் வருசத்துக்கு ரெண்டு தரம் ஏறி அந்தப் புத்தகத்துல எழுதறேன். அதை எத்தனை பேர் பாப்பாங்க? ரேடியோ எங்கெல்லாமோ கேக்கும். அந்தக் கடைசி வரி மட்டும் நான் எழுதல. அவன் காதுல அது விழுந்தா..." நாற்காலியை ஒருமுறை தூக்கி அதே இடத்தில் வைத்தார். "ஏற்கனவே ஒருதரம் போன்னு சொல்லியாச்சு."

ரூனா தலையாட்டினாள்.

"நான் எழுதினதையே பாடு. என் பேர் வேணாம். என்னைப் பார்த்ததும் ஊர்க்காரங்க குரலைத் தாழ்த்துறது இப்பத்தான் நின்னிருக்கு, மறுபடி ஆரம்பிச்சுடுவாங்க." பிறகு, "இன்னும் நாப்பது நாற்காலி கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு மணிக்கு ஸ்கார்டால் ஊர் மண்டபத்திலிருந்து ஈஸ்டர் சிறப்பு நிகழ்ச்சி, நாடு முழுக்க ரேடியோவில் நேரலை. ஓஸ்லோவிலிருந்து இசை நிறுவனத்தின் சார்பாக மத்தில்டா என்பவள் வந்திருந்தாள். அவள் பையில் மூன்று ஆல்பத்துக்கான ஒப்பந்தம். நிகழ்ச்சி முடிந்ததும் கையெழுத்து. அதில் ஏழாவது பத்தி, பாடல்களின் சொற்கள் முழுக்கத் தன்னுடையவை என்று ரூனா உறுதி சொல்ல வேண்டும்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஊர்ப் பெண்கள் வாஃபிள் அப்பம் சுட்டு, ஜாமும் புளிப்புப் பாலேடும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் தொடவில்லை. ரூனா எல்லாவற்றையும் சொன்னாள். மத்தில்டா அசையவே இல்லை.

"குடில் புத்தகத்துல கிறுக்கினதுக்கெல்லாம் யாரும் சொந்தக்காரங்க கிடையாது."

"அப்ப ஏழாவது பத்தியில நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"பேனாவால. வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"இங்க பாரு ரூனா. எங்க ஆபீஸ்ல உன் வயசுல, உன்னைவிட நல்லாப் பாடற பொண்ணுங்க ஒம்பது பேர் வரிசையில நிக்கிறாங்க. நேரலையில போய்ப் பாவமன்னிப்பு கேட்டேன்னா இந்தக் காகிதத்தை நான் அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன். வரியை மாத்தணுமா, மாத்திக்கோ. வாயைத் திறந்து எதுவும் சொல்லாத. பெரியவரும் அதைத்தானே கேட்டாரு? எல்லாருக்கும் நல்லது." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இல்லேன்னா உன் மீன்கடையில இன்னும் ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டுக்கோ."

அவள் போனதும் ரூனா என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வருசமா அந்த வரிக்குப் பேர் போடலைன்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சியே சின்ட்ரே. போ, போய் அவர்கிட்ட சொல்லு. அது என் கவிதைங்கன்னு சொல்லேன்!"

"நீதானேடி பாடினே?"

"ஆமா, நான்தான் பாடினேன். உன் பேரை எவன் கேட்டான் இப்ப? எடுத்தது நான், திருடி நான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேல் இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது, இருந்தாலும் அவள் மேலேயே காட்டினேன். கதவை அறைந்துவிட்டு வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்தேன். மண்டபத்துக்குள் போய் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிவில்லை. கோழை என்றால் கோழைதான்.

ஐந்தரைக்கு ரூனா வந்து வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள். திட்டம் வைத்திருந்தாள். சிக்கல் வரியை மாற்றுவதில் இல்லை, கூட்டத்தில் இருந்தது. எங்கள் ஜனங்களுக்குத் தனியாகப் பேசத்தான் கூச்சம். சேர்ந்து பாடச் சொன்னால் கூரை பறக்கும். ஊர் ஊராகப் போய் ரூனாவே அவர்களை அப்படிப் பழக்கியிருந்தாள். கடைசி வரி வரும்போது இசையை நிறுத்தி, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவாள். அவர்கள் அலறுவார்கள்.

"இன்னைக்கு நிறுத்தவே கூடாது. இடைவெளியே விடாம நேரா உள்ள போயிடறேன். அவங்க மூச்சு இழுக்கறதுக்குள்ள வரியைப் பாடி முடிச்சுடுவேன். நீ பாஸை விடாம அடி."

"சரி," என்றேன்.

ஆறு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. நானூறு பேர். மலையிலிருந்து நேராக இறங்கி வந்த கம்பளிச் சட்டைகள், வெயிலில் சிவந்த மூக்குகள். ஹால்வார் கடைசியில் கதவருகே, உதவியாளர்களுக்குத் தரும் மஞ்சள் மேல்சட்டையோடு நின்றார். மத்தில்டா மேடையின் ஓரத்தில், கை கட்டிக்கொண்டு. ஐந்து பாட்டு நன்றாகவே போனது. ஆறாவதற்கு ரூனா முதல் சுரத்தை மீட்டியதும் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது.

முதல் சரணத்திலிருந்தே அவர்கள் பாடினார்கள். விறகு பிளந்து அடுக்கியிருக்கிறேன் என்று நானூறு பேர். என் விரல் வியர்த்து நரம்பில் வழுக்கியது. போர்வை வரி வந்தது. ரூனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நிறுத்தாமல் அடித்தேன். அவள் இடைவெளி விடாமல் உள்ளே பாய்ந்தாள்.

அவர்களும் பாய்ந்தார்கள். மைக்கை அவள் நீட்டவே இல்லை, ஆனாலும் பழகின வாய்கள் நிற்குமா? 'இனி உனக்காகக் காத்திருக்க மாட்டேன்' என்று மண்டபமே அதிர்ந்தது. ரூனாவின் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது, குரல் கேட்கவில்லை. ஹால்வார் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுதிய வரியை நாடே ஒரு தகப்பனின் வாயில் திணித்துக்கொண்டிருந்தது. செத்துப்போகலாம் போலிருந்தது எனக்கு.

வழக்கமாக இரண்டாம் தரமும் பாடுவார்கள். அதற்குள் ரூனா நரம்புகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள்.

"நிறுத்துங்க," என்றாள். "தயவுசெஞ்சு நிறுத்துங்க."

கூட்டம் அடங்கியது. ரேடியோக்காரர் கையை வட்டமாகச் சுற்றி, தொடரு தொடரு என்று சைகை காட்டினார்.

"இந்தப் பாட்டோட வார்த்தை என்னுது இல்ல. ஒருத்தர் குடில்ல எழுதி வெச்சிருந்ததை எடுத்துக்கிட்டேன். சொல்லாம எடுத்துக்கிட்டேன். கடைசி வரி அவர் எழுதினது இல்ல. அது தப்பு."

மத்தில்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். குதிகால் சத்தம் படிவரைக்கும் கேட்டது. மூன்று ஆல்பம் நடந்து போவதை ரூனாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். எப்படித்தான் துணிந்தேனோ, எனக்கு முன்னாலிருந்த மைக்கில், "அந்த வரி நான் எழுதினது," என்றேன். எங்கோ இரண்டு பேர் சிரித்தார்கள். பெயர் வேண்டும் என்று கேட்டேனே, நாடு முழுக்கக் கேட்டுவிட்டது.

"அவர் எழுதினது இதுதான்," என்றாள் ரூனா. கிதார் இல்லாமல், கண்ணை மூடாமல் பாடினாள்.

"பனி உருகினதும் மறுபடி வருவேன்."

யாரும் கைதட்டவில்லை. முதல் வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு அவள் பக்கத்திலிருந்தவர். பனி உருகும்போது அந்த மலையில் யார் ஏறுவார் என்று ஸ்கார்டாலில் தெரியாதவர்கள் இல்லை. ரூனா பெயர் சொல்லவில்லை, இருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக நானூறு தலையும் திரும்பியது. எது வேண்டாம் என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டாரோ அதுவே நடந்தது. ரூனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹால்வார் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்த சின்ன ரேடியோ ஒன்றைக் காதோடு அழுத்தி வைத்திருந்தார். பக்கத்திலிருந்தவர் ஏதோ சொல்ல வர, மற்றக் கையைத் தூக்கி அமர்த்தினார். ரேடியோவில் எல்லாம் சில நொடி தாமதமாகத்தான் வரும். மண்டபம் மூச்சு விடாமல் நின்றது. பின்பு அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து, கீறலாக, ரூனாவின் குரல் வந்தது. வரி முழுவதும் முடிகிறவரை அவர் கேட்டார்.

"சரியாப் போயிருக்கு," என்றார்.