ஓட்டைக் கப்பு

பொம்மைப் பெட்டிகளின் மேல் எழுதுவதுதான் என் வேலை. 'கையும் கண்ணும் சேர்ந்து இயங்கப் பழக்கும்', 'காரணமும் விளைவும் புரியவைக்கும்' என்று ஒரு பிளாஸ்டிக் மீனைப் பற்றிக்கூடக் கூசாமல் நாலு வரி எழுதிவிடுவேன். புதுப் பொம்மை கடைக்குப் போகும் முன்னால், வீட்டில் குழந்தை இருக்கும் ஊழியர்களிடம் மாதிரியைக் கொடுத்தனுப்புவார்கள். குழந்தையை விளையாட விட்டு, பார்த்ததை எழுதித் தர வேண்டும். அந்த வாரம் எனக்கு வந்தவை குளியல் பொம்மைகள்: ஒரு ரப்பர் படகும், அடியில் ஓட்டை போட்ட ஐந்து கப்புகளும்.

எங்கள் வாண்டுக்கு ஒன்றேகால் வயது. தண்ணீர் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியல் தொட்டியில் அவள் இடுப்பளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு உட்கார வைத்தேன். சளி பிடித்திருந்ததால் தலைக்கு ஊற்றவில்லை.

கப்பில் மொண்டாள். ஒழுகியது. அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மொண்டாள். இப்படி நாலைந்து தடவை. பிறகு ஒரு கப்பிலிருந்ததை இன்னொரு கப்பில் ஊற்றினாள். சிந்தியது போக ஒரு மடக்காவது உள்ளே விழுந்திருக்கும். அதற்கு முன் அவள் அப்படிச் செய்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை வீடியோ எடுக்காவிட்டால் நான் என்ன அம்மா.

போன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஹாலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது ஒரு லிஃப்ட் முரண்டு பிடித்தால் அவருக்கு ஞாயிறும் கிடையாது, சோறும் கிடையாது.

"என்னங்க, பாப்பாவக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தேன்.

"பாத்துக்கறேங்க" என்று பதில் வந்தது.

எழுந்து போனேன். போனை எடுத்தால் மேலாளரின் செய்தி இரண்டு வந்திருந்தது. பதில் போட்டேன். சூட்டோடு சூடாகக் குறிப்பையும் எழுதிவிடலாம் என்று கட்டிலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். கப்புகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. அப்பா போயிருப்பார், தூக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வரி எழுதினேன். சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் எழுதினேன்.

அவர் அறைக்குள் வந்தார். "என் டூல் பையப் பாத்தியா? பாப்பா தூங்கிட்டாளா என்ன, சத்தத்தையே காணோம்."

நோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பத்தடி நடை. குளியலறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. தள்ளினேன். நாலு விரல் அகலம் திறந்து நின்றுவிட்டது. உள்ளே இருந்து அவள் வீசிய படகு கதவுக்கு அடியில் ஆப்பு வைத்ததுபோல் செருகிக்கொண்டிருந்தது. இடுக்கில் ஈரச் சுவர் மட்டும் தெரிந்தது. தொட்டி கதவின் பின்பக்கம்.

"பாப்பா. பாப்பா, அம்மாடா."

அவர் தோளால் இடித்தார். இடிக்க இடிக்கப் படகு இறுகியது.

"இடிக்காதீங்க, கதவு தொட்டி மேல விழுந்துடப் போகுது."

"நகருடி."

நான் நகரவில்லை. கீழே உட்கார்ந்து இடுக்கில் கையைவிட்டேன். முழங்கைத் தோல் வழன்றது. படகு வழுக்கிக்கொண்டே போனது. அவள் சாகப்போகிறாள், நான் இங்கே ஒரு பொம்மையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அப்படியேதான், அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன். நகத்தால் கிள்ளி இழுத்ததில் படகு வந்தது.

அவள் உட்கார்ந்திருந்தாள். கப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டையிலிருந்து விழும் சொட்டுகளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் "ஊத்து" என்று கப்பை நீட்டினாள்.

அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கினேன். அவள் இரண்டு தடவை இருமினாள். அப்போதுதான் பார்த்தேன், தலைமுடி மொத்தமும் மண்டையோடு ஒட்டிக்கிடந்தது. மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"தலைக்கு ஊத்துனியா?" என்றார்.

"இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. கப்பால் மொண்டு தானே தலையில் ஊற்றிக்கொண்டாளா, வழுக்கி முங்கிவிட்டுத் தானே எழுந்தாளா? நாலு வார்த்தை பேசும் குழந்தையிடம் எதைக் கேட்பது?

அரைமணி நேரத்தில் டாக்டர் முன்னால் இருந்தோம். டாக்டரம்மா குழந்தையின் முதுகிலும் நெஞ்சிலும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "இப்ப ஒண்ணும் தெரியல. இன்னைக்கு முழுக்கக் கவனிக்கணும். மூச்சு வேகமா வாங்கினா உடனே கொண்டு வாங்க" என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எவ்வளவு நேரம் தனியா இருந்தா?" என்று கேட்டார்.

"நான் தனியா விடல டாக்டர். இவர்கிட்ட சொல்லிட்டுதான் போனேன்."

"என்கிட்டயா?" என்றார் அவர். "எப்ப?"

"ஹால்ல நின்னீங்களே. நான் பாத்துக்கோங்கன்னு சொன்னேன். பாத்துக்கறேங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலைத் தாழ்த்தி, "அது போன்ல லிஃப்ட் பார்ட்டிகிட்ட சொன்னது. உன்கிட்ட நான் என்னைக்கு 'ங்க' போட்டுப் பேசியிருக்கேன்?" என்றார்.

ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட இல்லை. அந்த 'ங்க' அப்போதே என் காதில் விழுந்தது. என்ன இது புதுசாக மரியாதை என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. தோன்றியும் எழுந்து போனேன்.

"எவ்வளவு நேரம்மா?" என்று டாக்டர் மறுபடியும் கேட்டார்.

ஒரு நிமிஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். குழந்தை என் தோளில் இருமினாள்.

"தெரியல டாக்டர்" என்றேன்.