சாக்கு

ஓட்டுநர் வேலை கேட்டுக் கனகா ஏறி இறங்கிய இடங்களில் பதினோரு இடத்தில் சிரித்தார்கள். பன்னிரண்டாவது இடத்தில் இராமச்சந்திரன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை மகராசன் என்று நினைத்துக்கொண்டாள், பாவம். தேவராஜ மொஹல்லாவில் மூன்று மினி லாரி வைத்துக் காய்கறி லோடு அடிக்கிற மைசூர்த் தமிழர் அவர். லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பத்து நாள் ஓட்டிக் காட்டு, சின்னக் கீறல்கூட விழாமல் ஓட்டினால் வேலை உனக்கு, விழுந்தால் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு என்றார்.

கர்நாடகத்து ஹனூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண் அவள். மைசூருக்கு வந்து எட்டு வருஷம் கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தாள். அங்கே ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரே டோக்கன். முப்பது வயதுப் பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆற அமரக் கொடுப்பான். தூ, அதுவும் ஒரு பிழைப்பா! ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பழகினாள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே கார்மெண்ட்ஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இனி அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், சேர்த்துக்கொண்டாலும் அவள் போவதாக இல்லை. இந்தப் பத்து நாளைத் தாண்டிவிட்டால் போதும், அதற்கப்புறம் தன்னை ஒருத்தன் எழுந்திரு, உட்கார் என்று சொல்ல முடியாது என்று நம்பினாள்.

குண்டலுபேட்டையில் லோடு ஏற்றிக்கொண்டு காலை ஏழு மணிக்குள் மைசூர் மார்க்கெட்டின் பின்சந்துக்கு வந்துவிட வேண்டும். நெடுஞ்சாலையில் ஓட்டுவதெல்லாம் பெரிய வித்தையில்லை, அந்தச் சந்துதான் ஆளைக் கொல்லும். நூறடி நீளம். இரண்டு பக்கமும் கடைகளின் கல்படி. லோடு வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போக வேண்டும். கண்ணாடியில் சுவர்தான் தெரியும். வண்டிக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கிற ஆளை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

குரல் கொடுத்தவர் சித்தையன். மூட்டை சுமக்கிற ஆட்களை அங்கே அமாலி என்பார்கள். அவர் இருபது வருஷத்து அமாலி, சொந்த ஊர் கொள்ளேகாலம். முதல் நாள் கனகா ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு தமிழில் யாரையோ வைதது அவர் காதில் விழுந்துவிட்டது. எந்தூரு அம்மிணி என்று கேட்டார். ஊரைச் சொன்னதும், நம்ம பக்கத்துப் பிள்ளையா என்று மனுஷருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அன்றையிலிருந்து மார்க்கெட்டே கன்னடத்தில் கத்தினாலும் அவளுக்கு மட்டும் அவர் வீட்டுத் தமிழில்தான் வழி சொன்னார். வா அம்மிணி, ஒடிச்சு வா, இன்னொரு சாண் வா. சந்து நிறையக் காலிக் கோணிகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் தவறாமல், சாக்கு கெடக்குது, ஏத்திட்டு வா என்பார். எட்டு நாளில் எத்தனை சாக்கின் மேல் ஏற்றியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். வண்டியை நிறுத்த அந்த மார்க்கெட்டில் எல்லாரும் கத்துவது அதைத்தான். கன்னடக்காரர்கள் அந்தக் ‘க’வை அழுத்தாமல் சொல்வார்கள், நாம் அழுத்திச் சொல்வோம், அவ்வளவுதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் கிடையாது. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த கனகாவுக்கு இரண்டும் அத்துப்படி. தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஒன்பதாம் நாள் முட்டைக்கோஸ் லோடு. சந்து முனையில் இராமச்சந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கூட இன்னொரு லாரிக்காரர். பெண்பிள்ளை ஓட்டுகிற அழகைக் காட்டக் கூட்டிவந்திருக்கிறார் போல. நிறுத்தாமல் ஒரே மூச்சில் கொண்டுபோய்ச் சேர்த்துக் காட்டிவிடுகிறேன் என்று கனகாவுக்கு வைராக்கியம் வந்துவிட்டது.

பாதிச் சந்தில் சாக்கு என்று சித்தையன் குரல் கேட்டது. கோணி என்று நினைத்தாள், ஏற்றிக்கொண்டு போனாள். அதுவரைக்கும் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. உடனே இரண்டாவது தடவை, சாக்கு, சாக்கு என்று அலறல். கோணிக்காக எவனும் அப்படி அலறமாட்டான். போதும் என்கிறார், நிறுத்து என்கிறார். அவளுக்கு விளங்கிவிட்டது. கால் பிரேக்குக்குப் போவதற்குள், இங்கே நிறுத்தினால் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான். அந்த நேரத்தில் வண்டி இன்னும் ஒன்றரை அடி பின்னால் போயிற்று.

முட்டைக்கோஸ் இலையில் வழுக்கி விழுந்திருந்தார் சித்தையன். வலது கால் கல்படிக்கும் வண்டியின் பின்கம்பிக்கும் நடுவில் இருந்தது. பயத்தில் இருபது வருஷத்துத் தொழில் வார்த்தைதான் வாயில் வந்திருக்கிறது, அதைச் சொன்னதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. பெரியாஸ்பத்திரியில் அன்று மத்தியானமே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் இராமச்சந்திரன் பாடம் நடத்தினார்.

“நோடம்மா, இங்க பாரு, நீ என்ன கேட்டியோ அதைத்தானே சொல்லப் போறே. கோணி கெடக்குன்னு காதுல விழுந்துச்சு, வந்தே. இதுல பொய் எங்க இருக்கு? நிறுத்துன்னு கத்துனான்னு எழுதிட்டா உன் லைசென்ஸ் போச்சு, என் வண்டி ஸ்டேஷன் வாசல்ல துரு பிடிக்கும்.”

அப்படி எழுதினால் தப்பு சித்தையண்ணன் தலையில் விழுமே, அவருக்கு நஷ்டஈடு ஒன்றும் வராதே என்று கேட்டாள் கனகா. அவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். உன் வேலைக்கு ஆபத்தில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வேறு சொன்னார். கட்டையில் போகிறவன், அவன் தலைப்பாகை என்று சொன்னது ஒரு மனுஷனின் காலை!

ஸ்டேஷனில் அவள் சொல்லச் சொல்ல ஏட்டு கன்னடத்தில் எழுதிக்கொண்டே வந்தார். சாக்கு என்ற வார்த்தை வந்ததும் பேனா நின்றது. கன்னடத்தில் எழுத்தை அழுத்திச் சொன்னால் அதன் கீழே ஒரு குட்டி எழுத்தைத் தொங்கவிடுவார்கள், ஒத்து என்று அதற்குப் பெயர். ஒத்து இருந்தால் தமிழ்க் கோணி. இல்லாவிட்டால் போதும், நிறுத்து. ஒத்து இருக்கிறதா, இல்லையா என்று ஏட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“ஒத்து இதெயா, இல்வா?”

முதல் தடவை இருந்தது, இரண்டாவது தடவை இல்லை என்பதுதான் உண்மை. ஏட்டு ஒரு தடவைதான் கேட்டார். கனகாவுக்குக் கார்மெண்ட்ஸ் வாசலும், சூப்பர்வைசரின் கடிகாரமும், சிரித்த பதினோரு முகமும் கண்ணுக்குள் வந்து போயின.

“இதெ சார்” என்றாள்.

ஏட்டு ஒத்துப் போட்டார். அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

பத்தாம் நாள் பார்க்கத் தேவையில்லை, வேலை உனக்குத்தான் என்று மறுநாளே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார் இராமச்சந்திரன். அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. சித்தையனிடம் வாக்குமூலம் வாங்க ஏட்டு வந்திருக்கிறாராம். கனகாவைப் பார்க்காமல் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சித்தையன் பிடிவாதமாக இருக்கிறாராம்.

போனாள். போகாமல் எப்படி இருப்பது? கட்டிலருகே அவர் மனைவி ராணி உட்கார்ந்திருந்தாள். ஏட்டு வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தது. கனகா அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

“அம்மிணி, விழுந்தது நெனப்பு இருக்குது, கத்துனது நெனப்பு இருக்குது. என்னன்னு கத்துனேன்னுதான் வரமாட்டேங்குது. கோணின்னு கத்துனேன்னு உங்க மொதலாளி சொல்றாரு. அவரு பேச்சு எனக்கு வேண்டாம். நீ சொல்லு, நம்மூர்ப் புள்ள, நீ எங்கிட்டப் பொய் சொல்லமாட்டே.”

சொல்லியிருக்கலாம். அறையில் மூன்று பேர்தான், ஏட்டு வெளியேதான் இருந்தார், தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்து வேறு எழுதச் சொல்ல நேரமும் இருந்தது. கைப்பையின் வழியாகச் சாவி விலாவில் குத்தியது. தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் வேறொன்றைச் சொன்னது.

“சாக்குன்னு கத்துனீங்கண்ணா.”

“கோணிச் சாக்கா?”

“ஆமாங்கண்ணா.”

சித்தையன் கண்ணை மூடிக்கொண்டார். ராணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இருபது வருஷம் சந்தையில் நின்று என்ன பிரயோஜனம், உயிர் போகிற நேரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு என்று புருஷனைத்தான் வைதாள். கனகாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“உடு புள்ள,” என்றார் சித்தையன் மனைவியிடம். “எட்டு நாளா அதையே சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சாட்ட இருக்குது. எம்மேலதான் தப்பு. இந்தப் புள்ள மேல கேசு வராமப் போச்சில்ல, அது போதும்.”

ஏட்டு உள்ளே வந்து, கோணி என்றே தயாராக எழுதி வைத்திருந்த அவர் வாக்குமூலத்தை ஒரு தடவை படித்தார். சித்தையன் தலையை ஆட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர், கைநாட்டுதான். ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி, இன்னொரு கையைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை. பிடித்துக்கொள்ளம்மா என்று ஏட்டு ராணியிடம் சொன்னார். அவள் அழுகையில் எழுந்திருக்கவில்லை. கனகாதான் குனிந்து, அவர் கட்டைவிரலைப் பிடித்து, மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்தாள்.