கக்கூசுக்கு ஏழு கல்

நாலாவது கல் மறுபடியும் ஆடியது. ராக்கு அதன்மேல் ஒற்றைக்காலை வைத்து அழுத்தினாள். ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் வாயைப் பிளந்தது. போன வியாழக்கிழமைதான் தோண்டி, ஜல்லி போட்டு, கடப்பாரையால் இடித்து இறுக்கியிருந்தாள். அது மூன்றாம் தடவை. அந்த மண்கூட நகக்கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

கொல்லையில் வாழைக்கும் முருங்கைக்கும் நடுவே, பின்வாசலிலிருந்து கக்கூசு வரைக்கும் ஏழு கற்கள். கல்யாணமான வருசம் அவளும் அழகுமலையும் ஓடையிலிருந்து உருட்டி வந்தவை. போன தை மாதம் எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து அவன் விழுந்தான். இப்போது இடது கால் இழுபடுகிறது; கையில் இரும்புப் பூண் போட்ட கம்பு. சோறு போட்டுத் தின்பான், துணி மாற்றிக்கொள்வான். இந்த ஏழு கல்லை மட்டும் தனியாகத் தாண்டிவிட்டால் அவள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறலாம். ஒருமுறை கல் புரண்டு விழுந்தவன், சாயங்காலம் அவள் திரும்பும்வரை வாழைக்கடியிலேயே கிடந்தான். அதிலிருந்து கல் ஆடினால் அவளுக்கு வேலை இல்லை.

பெருச்சாளி என்று நினைத்தாள். வளை தேடினாள், கிடைக்கவில்லை. வாழைக்கு விடும் தண்ணீர் என்று நினைத்து வாய்க்காலையே திருப்பிவிட்டாள். அதற்கும் கல் ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. அழகுமலை பின்வாசலில் நின்று, முதல் கல்லின் விளிம்புக்கடியில் பூணைக் கொடுத்து நெம்பினான். குதிகாலால் இரண்டு தட்டு. அப்புறம்தான் ஏறினான். அடுத்த கல்லுக்கும் அதே மரியாதை. சருகு மூடிய மலைச்சரிவில் மூட்டையோடு இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். எது உருளும் எது நிற்கும் என்று பார்க்காமல் கால் வைக்க மாட்டார்கள். அவளும் மலையில் அப்படித்தான். கொல்லையில் எவன் செய்வான்?

“ஏய்யா, என்னய்யா பண்ணுற?”

“கல்லு ஆடுதான்னு பாக்குறேன்.”

“ஆடாத கல்ல தெனமும் நெம்புனா ஆடத்தான்யா செய்யும்! நான் பெருச்சாளியத் தேடித் திரியிறேன். பெருச்சாளி கம்பூண்டி நடக்குது!”

“ஆடுச்சுல்ல? அப்ப நான் பாத்தது சரிதான புள்ள?”

ராக்கு கையிலிருந்த சட்டியை எறிந்தாள். அது முருங்கையில் பட்டு நெளிந்தது.

மறுநாள் காலையிலேயே, பக்கத்தில் வீடு கட்டும் முத்துப்பாண்டியிடம் சிமெண்டு கேட்டு வாங்கி, குழைத்து, ஏழு கல்லையும் பதித்தாள். இரண்டு நாள் மிதிக்கக் கூடாது. அந்த இரண்டு நாளும் அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வாழைகளுக்குப் பின்னால் சுற்றிப் போய்வந்தான். தோளில் அவன் கை வேண்டியதற்கு மேல் கனத்தது. இவன் தெரிந்தேதான் நெம்பினானோ என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்றிருந்தது.

ஜீப் ஓட்டும் பாண்டித்துரை போன் செய்தான். “மதினி, புதன்கெழமையும் வரலைன்னா அந்த எடத்துல வேற ஆளத்தான் ஏத்தணும். கங்காணி என்னையப் போட்டுத் தாளிக்கிறாரு.”

“வர்றேன். சொல்லிட்டேன்ல.”

புதன்கிழமை விடிந்ததும் தூக்குவாளியோடு நின்றாள். அழகுமலை முதல் கல்லில் பூணைக் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. மறுபக்கம் போய் நெம்பினான். அதுவும் அசையவில்லை. ராக்கு பொறுக்கமாட்டாமல் கல்மேல் ஏறிக் குதித்தாள்.

“பாருய்யா! ஆனைய ஏத்துனாலும் ஆடாது. வெரசா நட.”

“அதான் ஏறி நிக்குதே.”

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“துளிகூட அசையமாட்டேங்குது. அடியில என்னான்னு எப்பிடித் தெரியும்?”

சொல்லிவிட்டு மண்ணில் இறங்கினான். கற்களுக்கு ஓரமாக, ஈர மண்ணில் கம்பைக் குத்தி, பிடுங்கி, மறுபடி குத்தி, ஒரு காலை வைத்து மறுகாலை இழுத்து நடந்தான். அவள் என்ன கத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவன் விழவில்லை. கக்கூசுக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ரோட்டில் ஹாரன் அடித்தது. திரும்பி வரும்வரை நிற்கலாமா என்று பார்த்தாள். இரண்டாவது ஹாரன். ஓடினாள்.

“என்ன மதினி, அண்ணே நடந்துட்டாரா?”

“நடந்துட்டாரு.”

மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி ஜீப் முதல் கொண்டையூசி வளைவில் ஏறியபோது கீழே கொல்லை தெரிந்தது. ஏழு கல்லும் வெள்ளையாக, சேறு ஒட்டாமல் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் குழப்பிய மண்ணாக ஒரு கோடு. தகரக் கதவு இன்னும் திறக்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கிய மழை ஜீப்பின் தார்ப்பாயில் நாலு சொட்டுப் போட்டுவிட்டு, அவர்களைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது.