முதலில் கனம், பிறகு ஓட்டம்

ஓடிவிட்டு வந்த காலோடு மாமாவைத் தூக்கியதுதான் நான் செய்த பிசகு. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஓரடி தூரம்தான். பக்கவாதம் வந்து அவர் படுத்ததிலிருந்து தினமும் அவரைத் தூக்கிக் கடக்கும் தூரம். அன்றைக்குப் பாதியில் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அவரைக் கட்டிப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன், அவர் என் மடியில். மாமனாரும் மருமகளும் கிடந்த கோலத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

"அடி பட்டுச்சா மாமா?"

"ஒனக்கு?" என்றார். வாய் ஒரு பக்கம் கோணியதிலிருந்து அவருக்கு ஒன்றிரண்டு வார்த்தைகளே புரளும்.

ஆம்புலன்சில் ஸ்ட்ரெச்சர் தூக்குவது என் வேலை. வருடா வருடம் எங்களுக்குத் தேர்வு உண்டு. மணல் மூட்டை வைத்த ஸ்ட்ரெச்சரோடு மாடிப்படி ஏற வேண்டும்; இறக்கி வைத்த மூச்சோடு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். போன வருடமே தட்டுத் தடுமாறித்தான் தேறினேன். தவறினால் தொலைபேசி அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே எனக்குக் கிடைப்பது இரவுப் பணி மட்டும்தான். லாரியோடு போகும் கணவர் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ராத்திரியில் மாமாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை. நாத்தனார் ஏற்கெனவே ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டாள். "நல்லா காத்தோட்டமா இருக்கு அண்ணி, டெஸ்ட் மட்டும் போயிடுச்சுன்னா யோசிக்காதீங்க" என்று அவள் போனில் சொன்னபோது ஸ்பீக்கர் போட்டிருந்தேன். மாமா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுப்பவரை விசில் என்றுதான் கூப்பிடுவோம். ஓட்டம் மந்தமாகிவிட்டது என்று அவரிடம் போய் நின்றேன்.

"ஓடுறது, வெயிட் தூக்குறது, ரெண்டையும் போட்டு ஏன் குழப்புறீங்க? கால் புதுசா இருக்கும்போதே கனத்த முடிச்சிடுங்க. ஓட்டம் அப்புறம். நடுவுல அரை நாளாச்சும் விடுங்க. டெஸ்ட் அன்னைக்குக் காலைல ஒண்ணும் தூக்கக் கூடாது. ஒரு வாளி தண்ணிகூட."

தலையாட்டிவிட்டு வந்தேன். மாமா இதில் எந்தக் கணக்கில் வருவார் என்று கேட்கத் தோன்றவில்லை. வேலையில் தூக்குவதற்கும் வரிசை ஏது? எந்த மாடியில் யார் எப்போது விழுவார்கள் என்று யாரும் அட்டவணை போட்டுத் தருவதில்லை.

அன்று மாமாவுக்குச் சாப்பாடு ஊட்டும்போது அதையே வேடிக்கையாகச் சொன்னேன். "ஒரு வாளிகூடத் தூக்கக் கூடாதாம் மாமா. மகாராணி மாதிரி போய் இறங்கணுமாம்." அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பிறகு ஓடினேன். அரை நாள் விடுவதற்கு அரை நாள் எங்கே இருக்கிறது? ஆனாலும் ஓட்டம் கொஞ்சம் தேறியது. அலுப்புதான் தீரவில்லை. பல் தேய்க்கும்போதே கண் சொருகும்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் மாமா தண்ணீர் வேண்டாம் என்றார். இரவிலும் தலையைத் திருப்பிக்கொண்டார். ஏதோ கோபம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, அவர் முதுகுக்குக் கீழே கை கொடுத்தேன். அசையவில்லை. நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்.

"விளையாடாதீங்க மாமா. பாத்ரூம் போக வேண்டாமா? நேரமாச்சு."

"மொதல்ல... அது" என்றார். உதட்டோரம் எச்சில் வழிந்தது. "அப்புறம்... நான்."

நேற்றிலிருந்து அவர் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல், விசில் மேல், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத என் மேல். கம்பியிலிருந்து அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். ஒன்றைப் பிரித்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் விரல் மறுபடி மூடிக்கொண்டது. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருந்தது எனக்குத் தெரியாது.

வாயைத் துடைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரை அந்தக் கைக்கு எட்டும்படி வைத்தேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். டம்ளர் நிறைய தண்ணீர் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இன்னும் கம்பியை விடவில்லை.