அக்காவின் கறுப்பு

எங்கள் முதலாளி எந்த முகத்தையும் இருபது ஏற்றாமல் அச்சுக்கு அனுப்ப மாட்டார். இருபது என்பது கணினியில் அவரே செய்து வைத்திருக்கும் ஒரு அளவு. பொத்தானைத் தட்டினால் முகம் வெளுக்கும், சுருக்கம் போகும், மச்சம் போகும், கடைசியில் ஆளே போய்விடுவார். வாடிக்கையாளர்கள் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போவார்கள். பதினோரு வருஷமாக அந்தப் பொத்தானைத் தட்டியது என் விரல்தான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்த மாதம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேலை வந்தது. நெடுங்காலம் உழைத்த பன்னிரண்டு பேரின் முகங்களைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக அச்சிட்டு வாசல் நடைவழியில் மாட்டப் போகிறார்களாம். படங்களை வேறு யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். அச்சும் சட்டமும் மட்டும் எங்கள் பொறுப்பு. ஏழாவது முகத்தைத் திறந்தால், என் அக்கா.

ஆபரேஷன் கத்தி, கத்தரிகளையெல்லாம் ஆவியில் வைத்துச் சுத்தம் செய்யும் அறையில் அக்காவுக்கு இருபத்தாறு வருஷம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. யாரும் எட்டிப் பார்ப்பதும் கிடையாது. இப்போதுதான் முதல்முறையாக அவள் முகம் வாசலுக்கு வருகிறது. அது அவள் முகமாகவே வர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது.

அக்கா கறுப்பு. கல்யாணத் தரகர்கள் 'மாநிறம்' என்று எழுதிச் சமாளிக்கிற கறுப்பு இல்லை, சமாளிக்கவே முடியாத நல்ல கறுப்பு. நான் இருபதைத் தொடாமல் அச்சுக்கு அனுப்பினேன். வெளியே வந்த தாளைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணும் பல்லும் மட்டும் மிதந்தன, மற்றதெல்லாம் ஒரே சேறு. போதாததற்குத் தாளைப் புறம் மாற்றி வேறு வைத்திருந்தேன். தாளின் ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்த்தால், மை பிடிக்கும் பூச்சுள்ள பக்கம் லேசாக ஒட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொள்கிற விஷயம். அவசரத்தில் அதையும் கோட்டை விட்டேன். சரியான பக்கத்தில் மறுபடி அச்சிட்டபோது கறுப்பு ஆழமாக வந்தது. ஆனால் கன்னம் எது, கழுத்து எது என்று இன்னும் தெரியவில்லை.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "பாத்தியா? இதுக்குத்தான் இருபது. நான் என்ன பைத்தியமா?"

"முகத்துல தப்பில்ல சார். நம்ம மெஷினுக்கு நாம சொல்லிக் கொடுத்ததுல தப்பு."

"ஆமாம்மா, நீ மெஷினுக்கு வகுப்பெடு. நான் போய்ச் சாப்பிடுறேன்."

எடுத்தேன். கறுப்பிலிருந்து வெள்ளை வரை இருபத்தொரு படிகள் உள்ள ஒரு பட்டையை அச்சிட்டுப் பார்த்தேன். அடியில் இருந்த ஐந்து படிகளும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தன. அக்காவின் முகம் முழுக்க அந்த ஐந்து படிகளுக்குள்தான் இருந்தது. வெளுத்த முகங்களை மட்டும் மனசில் வைத்து நாங்கள் போட்ட அளவு அது. மேலே இருந்த படிகளைத் தொடாமல், கீழே இருந்த ஐந்தை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தேன். வண்ண மைகளை நிறுத்தினேன். அவற்றைக் கலந்து செய்கிற சாம்பல் நிறம் கடையின் குழல் விளக்கில் யோக்கியமாக இருக்கும், ஜன்னலருகே கொண்டுபோனால் பாசி பிடித்த மாதிரி பச்சை காட்டும். ஒரு கறுப்பும் இரண்டு சாம்பலும் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன். மூன்று நாள் மதிய இடைவேளை அதிலேயே போனது. பட்டினி கிடந்தது என் சொந்த விருப்பம்.

எட்டாவது முறை அச்சிட்ட தாளை நன்றாகக் காயவிட்டு ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கன்ன எலும்பு தெரிந்தது. தினமும் எட்டு மணி நேரம் முகமூடி கட்டியதில் கன்னத்தில் பதிந்த நாடாத் தடம் தெரிந்தது. கழுத்து வேறு, கூந்தல் வேறு என்று நின்றன. கறுப்பில் ஒரு துளி குறையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

சாயங்காலம் அதை உறையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். உறையைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"ஏண்டி, என் படத்தைக் கொஞ்சம் வெளுப்பா போட்டுடேன். டாக்டரம்மாங்களுக்கு நடுவுல நான் மட்டும் கரிக்கட்டையாட்டம் தொங்கணுமா?"

"போட மாட்டேன்."

"என் மூஞ்சிடி. நான் சொல்றேன்."

"உன் மூஞ்சிங்கறதாலதான் போட மாட்டேன். முதல்ல இதைப் பாரு."

"நான் ஒண்ணும் பாக்க வேணாம். நாலு பேர் சிரிச்சா உனக்கென்ன? உனக்கு வாய் நீளம், அவ்வளவுதான்."

உள்ளே போய்விட்டாள். முதலாளி மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

மறுநாள் நான் கடைக்குப் போவதற்குள் முதலாளி ஏழாவது முகத்துக்குத் தன் கையாலேயே இருபது ஏற்றி, அச்சிட்டு, சட்டம் போட்டு, மற்ற பதினொன்றோடு அனுப்பியிருந்தார். "உங்க அக்காவே போன் பண்ணிக் கேட்டாங்கம்மா" என்றார்.

திறப்பு நாளன்று என் தாளை எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது, வீட்டில் வைத்துவிட்டு வர மனசில்லை. பன்னிரண்டு படங்களும் சுவரில் வரிசையாக இருந்தன. பெயர்ச் சீட்டுகள் இன்னும் ஒட்டவில்லை. அவரவர் தம் படத்தின் கீழே நிற்க வேண்டும் என்றார்கள். அக்கா புதுத்துணி உடுத்தி, ஏழாவது படத்தின் கீழே கையைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

அவளை ஒன்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற மேலாளர் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஏழாவது படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. இந்தப் படத்துக்காரங்க வரட்டும்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் மெதுவாக, "சார், அது அவங்கதான்" என்றாள்.

"அட! எனக்கு அடையாளமே தெரியலியே! அவ்வளவு அழகா வந்திருக்கு!" என்று மேலாளர் சிரித்தார். அவர் பாராட்டத்தான் நினைத்தார், பாவம்.

அக்கா திரும்பி அந்தப் படத்தை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் காது மடல் துடித்தது. சின்ன வயசிலிருந்து எனக்கு அந்தத் துடிப்பு தெரியும், அதைக் கண்டால் நான் ஒதுங்கிக்கொள்வேன்.

"இந்தப் படத்துக்காரி வரமாட்டா சார்" என்றாள். "அப்படி ஒருத்தி இங்க வேலை பாக்கல."

சொன்ன கையோடு சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி பெஞ்சில் குப்புறப் போட்டாள். "எங்கடி, உன் உறையில இருக்கறதை எடு."

நான் முதலில் சட்டத்தின் பின்பக்கக் கொக்கிகளைத் திருப்ப ஆரம்பித்தேன். விழாவுக்கு வந்திருந்த முதலாளி கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்தார். "கைய வச்சே, நாளைலேர்ந்து கடைப் பக்கம் வராதே!"

"வரல சார்" என்றேன். அடுத்த கொக்கியைத் திருப்பினேன்.

உறையிலிருந்து என் தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். யாரும் சொல்லித்தராமலே, மை படாமல் ஓரங்களை மட்டும் இரண்டு உள்ளங்கைகளால் பிடித்தாள். இருபத்தாறு வருஷமாகச் சுத்தமான பொருளைப் பிடித்த கை. முதல்முறையாகத் தன்னைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வாசலில் சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டதென்று யாரோ கத்தினார்கள். அவள் அசையவில்லை.

"நாடாத் தடம்கூட விழுந்திருக்குடி" என்றாள்.

"வேணாம்னா எடுத்துடறேன்."

"எடுத்துப் பாரு, கைய ஒடிக்கிறேன்."

தாளைச் சட்டத்துக்குள் வைத்து மூடினோம். அவளே சுவரில் மாட்டினாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை விரலால் தட்டி நேர் செய்தாள். பிறகு அதன் கீழே முதுகை நிமிர்த்தி நின்று, மேலாளரை நேராகப் பார்த்தாள்.

"இப்ப நான் இங்க நிக்கலாமா சார்?"