ஆசிரியர் குறிப்பு

சனிக்கிழமை பிற்பகல் பெற்றோருக்கு வகுப்பு என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டே காய்த்துப்போன கை. இனிமேல் போய் பெஞ்சில் உட்காரவா என்று நினைத்தாள். ஆனாலும் ஆறாவது படிக்கிற சின்னவளுக்காகப் போனாள். பெரியவள் பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அதுவே உண்மை என்றாகிவிட்டது.

மூன்றாவது வாரம், மதிப்பெண் அட்டையை எப்படிப் படிப்பது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார்.

"எல்லாரும் மார்க்கைத்தான் பார்ப்பீங்க. அடியில ஆசிரியர் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும். நாங்க உங்ககிட்ட பேசுறது அங்கதான்."

அப்படி ஒரு கட்டத்தை அவள் கவனித்ததே இல்லை. சிவப்புக் கோடு போட்ட எண்களைப் பார்ப்பாள், நாலு திட்டு திட்டுவாள், கையெழுத்துப் போடுவாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேலிருந்த பையை இறக்கி, பெரியவளின் பழைய அட்டைகளை எடுத்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எட்டாம் வகுப்பு அட்டையில் 'கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை என்கிறாள். கண் பரிசோதனை செய்யவும்' என்று இருந்தது. ஒன்பதாவதில் அதே வரி. பத்தாவதில் 'உடனே' என்று சேர்த்து அடிக்கோடு போட்டிருந்தார்கள். மூன்றுக்கும் கீழே அவள் கையெழுத்து கோணாமல் இருந்தது.

பெரியவள் வேலை முடிந்து வந்து, தரையில் பரப்பியிருந்த அட்டைகளைக் குனிந்து உற்றுப் பார்த்தாள். அப்படிக் குனிவது அவள் சுபாவம் என்றுதான் இத்தனை நாளும் அம்மா நினைத்திருந்தாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லலே?"

"சொன்னேன்மா. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தாரே, அப்போ. படிக்காம இருக்கிறதுக்குச் சாக்கு சொல்லாதேன்னு சொன்னே."

அவளுக்கு அது நினைவில்லை. கணவர் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்த அந்த மாதங்களில் எதுதான் நினைவிருக்கிறது? ஆனால் அப்படித் திட்டியிருப்பாள். அது தன் வாயிலிருந்து வரக்கூடிய பேச்சுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. பெரியவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவளோ அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டாள்.

மறுநாளே கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். இவ்வளவு பவர் இருக்கிறது, இத்தனை வருடம் என்னம்மா பண்ணினீர்கள் என்று அங்கிருந்தவர் கேட்டார்.

நாலு நாள் கழித்துக் கண்ணாடி வந்தது. கடை வாசலில் அதைப் போட்டுக்கொண்ட பெரியவள், எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக, உதடு அசைய வாசித்தாள். அம்மா தெருவைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டாள்.

வழியில், பள்ளிக்கூடம் போகாமலே தனியாகப் பரீட்சை எழுதலாமே, டீச்சரிடம் கேட்கட்டுமா என்றாள்.

"பார்க்கலாம்மா" என்றாள் பெரியவள்.

வேண்டாம் என்பதை வீட்டில் அவள் அப்படித்தான் சொல்வாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.